ஊர்த் தண்ணீரும் உம்மாவின் கையும்: மன்னார் வெளியேற்றத்தின் எழுதப்படாத ஒரு பக்கம்

எங்கள் உம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் பனை மட்டையைத் தொடுவது போலிருக்கும். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொள்வேன். அப்போது அது மற்றக் கையைப் போல மிருதுவாகத்தான் இருந்தது.

மாற்றம் தொடங்கியது 1990இன் கடைசியில். எனக்குப் பத்து வயது. கற்பிட்டியில் கிடுகுக் கொட்டிலுக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுத்திருப்போம். நடுச்சாமத்தில் "சரக், சரக்" என்று ஒரு சத்தம் கேட்கும். உம்மா நித்திரையிலேயே கையைச் சொறிந்துகொண்டிருப்பார். விடிந்து கேட்டால், "புத்தளத்துத் தண்ணி ஒத்துக்கல்ல மகன். ஊர்த் தண்ணி பட்டா போயிரும்" என்பார். உம்மா மட்டுமல்ல, முகாமில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். முடி கொட்டினாலும் தண்ணீர், மேல் கடித்தாலும் தண்ணீர், பிள்ளைக்குச் சிரங்கு வந்தாலும் தண்ணீர்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் நாங்கள் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினோம். வளவைத் துப்புரவாக்கி, தூர்ந்து கிடந்த கிணற்றை இறைத்து, முதல் வாளித் தண்ணீரை உம்மாவுக்குத்தான் கொடுத்தோம். அழுதுகொண்டே குளித்தார். மாதங்கள் போயின. கடி போகவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்தது.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி நம்மிடம் இப்போது ஓரளவு எழுத்து இருக்கிறது. மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்ட புவியியல் பேராசிரியர் மர்ஹூம் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளில் பெரும் பகுதியை இதற்கே கொடுத்தார். அவருடைய கணக்கின்படி ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தார். பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011இல் வெளிவந்தது.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ஒக்டோபர் கடைசி வாரத்தில், 28ஆம் திகதிக்குள் மன்னார்த் தீவை விட்டு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 26ஆம் திகதி எருக்கலம்பிட்டிக்குள் ஆயுதத்தோடு வந்து நகை, பணம், பண்டங்களை எடுத்துச் சென்றார்கள். தீவிலிருந்தோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனோம். மாரி தொடங்கியிருந்த காலம். பெருநிலத்தில் முசலிப் பகுதியிலிருந்தோர் தரைவழியாகப் போனார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணித்தியாலம்.

வீடு, காணி, கடை, தோணி, மாடு, தென்னை, நகை எல்லாம் பதிவுகளில் உண்டு. நட்டஈட்டுப் படிவங்களிலும் அவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன. ஆனால் உடம்புக்கு என்ன நடந்தது என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் தண்ணீரைத்தான் சொல்லியிருப்போம்.

ஊர் திரும்பியும் கடி நிற்காததால் உம்மாவைத் தோல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுரண்டி எடுத்துச் சோதித்தார். பிறகு கேட்டார்: "எப்ப இருந்து அம்மா?"

"ஊர விட்ட மாசத்தில இருந்து."

"எப்ப கூடக் கடிக்கும்?"

உம்மா கொஞ்சம் யோசித்தார். "ராவையில. மழைச் சத்தம் கேட்டா."

வைத்தியர் பேனாவை வைத்துவிட்டார். நான் அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. கிருமியும் இல்லை, படையும் இல்லை, திரும்பத் திரும்பச் சொறிந்ததால் தோல் தடித்துவிட்ட நிலை இது, அந்தச் சொறிச்சலை உசுப்பி விடுவது மனநெருக்கீடு என்று அவர் விளக்கினார்.

மனம் எந்த வழியாகத் தோலுக்குப் போகிறது?

கரு உருவாகும் முதல் வாரங்களில், வெளிப்பக்கத்துக் கலப்படை ஒன்றிலிருந்தே மேற்தோலும் மூளையும் நரம்புகளும் தோன்றுகின்றன. பிறப்பால் இவை உறவுகள். வளர்ந்த பிறகும் தோலெங்கும் நரம்பு நுனிகள் பரந்து கிடக்கின்றன. ஆபத்தைக் கண்டு உடம்பு காட்டும் பொதுவான எதிர்வினையை ஹன்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936இல் விவரித்தார். இன்று நாம் நெருக்கீடு என்று சொல்லும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது.

பயம் வரும்போது மூளை அதிரினலினையும் கோட்டிசோலையும் சுரக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறது. ஓடித் தப்புவதற்கு அது நல்லது. ஆனால் பயம் ஒரு நாளில் முடியாமல் மாதக்கணக்கில் நீடித்தால் அதே சுரப்புகள் தொல்லையாகின்றன. தோலின் மேற்படையில் கலங்களுக்கு இடையே இருக்கும் எண்ணெய்ப்பசை குறைகிறது. ஈரம் வெளியேறித் தோல் வறள்கிறது. நரம்பு நுனிகள் கசியவிடும் பொருள்களால் ஹிஸ்டமின் வெளியாகிக் கடி உண்டாகிறது. சொறிந்தால் ஒரு நிமிடம் சுகம். பிறகு புண்பட்ட தோல் இன்னும் கடிக்கும். கடி சொறிச்சலையும் சொறிச்சல் கடியையும் கூட்டும். நித்திரை கெடும். நித்திரை கெட்டால் நெருக்கீடு ஏறும்.

அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு 1995இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களின் கையிலும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் ஒரே அளவில் மிகச் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். சுமை சுமந்தவர்களின் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் அதிகம் எடுத்தது. அதே 1995இல் ஜப்பானின் கோபே நகரப் பக்கம் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அங்கே கரப்பான் நோயாளரைக் கவனித்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதியில் 38 வீதமானோருக்கும், ஓரளவு பாதிக்கப்பட்ட பகுதியில் 34 வீதமானோருக்கும் தோல் நோய் மோசமாகியிருந்தது. பாதிப்பில்லாத பகுதியில் அது 7 வீதம் மட்டுமே.

கரப்பான், சொரியாசிஸ், காணாக்கடி, முகப்பரு ஆகியவை நெருக்கீட்டால் கூடக்கூடியவை. முடி கொட்டுவதும் அப்படித்தான். பெரிய அதிர்ச்சி ஒன்று நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாக உதிரும் என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. இதை வாசித்தபோது எனக்கு 1991 தை மாதம் நினைவுக்கு வந்தது. கொட்டில் வாசலில் பெண்கள் வரிசையாக இருந்து தலைவாரி, சீப்பில் வந்த முடியை உருட்டி ஒருவருக்கொருவர் காட்டி, "பாருங்கடி இந்தக் கிணத்துத் தண்ணிய" என்று ஏசிய காட்சி அது. ஒக்டோபரிலிருந்து தை வரைக்கும் எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மனதின் மேல் போடலாமா?

கூடாது. முகாமில் எங்களுக்கு வந்ததில் பெரும்பகுதி அசல் சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் வருவது. நெருக்கிப் படுத்ததும், ஒரே பாயும் போர்வையும், குளிக்கத் தண்ணீருக்கு வரிசையும் அதைப் பரப்பின. கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன பெண்களின் கைகளை வெயிலும் வெங்காயச் சாறும் மருந்தும் தின்றன. இவற்றுக்கு மனதைக் காரணம் சொன்னால் வறுமையை மறைப்பதாகிவிடும். சிரங்குக்கு மருந்து பூச வேண்டும், அதுவும் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில். இடமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

ஆனால் சிரங்கு மாறிய பிறகும் மாறாமல் நின்ற ஒன்று இருந்தது. இருபது வருடம் கழித்து, புத்தளம் மாவட்டத்தில் 141 குடியிருப்புகளில் வாழ்ந்த இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் 450 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2013இல் வெளியானது. அதன்படி 18.8 வீதமானோருக்கு ஏதோ ஒரு பொதுவான உளநோய் இருந்தது. பெரிய மனச்சோர்வு 5.1 வீதம். அதிர்ச்சிக்குப் பின்னான உளநோய் 2.4 வீதம். எல்லாவற்றையும் விடக் கூடியது எது தெரியுமா? போதிய நோய்க் காரணம் காணப்படாத உடல் முறைப்பாடுகள், 14 வீதம். தோலைப் பற்றி அந்த ஆய்வு தனியாகப் பேசவில்லை. ஆனாலும் நம் சனம் துக்கத்தை எந்தப் பாஷையில் சொல்லும் என்பதை அந்த எண் காட்டுகிறது. "மனசு சரியில்ல" என்று நம் உம்மாமார் சொல்ல மாட்டார்கள். "மேல் வலிக்குது" என்பார்கள், "மேல் கடிக்குது" என்பார்கள்.

வேலையற்றோர், கணவனை இழந்தோர், விவாகரத்தானோர், சாப்பாட்டுக்கு உறுதியில்லாதோர் ஆகியோரிடம் உளநோய் கூடக் காணப்பட்டதாகவும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆக, வயிறும் மனமும் தோலும் தனித்தனிக் கதைகள் அல்ல.

நம் முன்னோர் அறிந்தது

தமிழ் படித்தவனுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்று ஓர் இயலே வைத்தார். உள்ளத்து உணர்ச்சி மெய்யில் படுவதே மெய்ப்பாடு. பிரிவுத் துயரால் பெண்ணின் மேனி நிறம் மாறுவதைச் சங்கப் புலவர்கள் பசலை என்றார்கள். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே அதற்குக் கொடுத்தார். பசலையை வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். கவிஞர் கற்பனை என்று கடந்து போயிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒரு பசலை இருந்தது எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டு உளவைத்தியர்கள் போர் தந்த அதிர்ச்சிக்கு 'உளவடு' என்று பெயர் வைத்திருப்பதையும் கவனியுங்கள். வடு என்பது தோலின் சொல்.

இஸ்லாமிய மரபிலும் இது தெளிவாக உண்டு. மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆன் கூறுகிறது. இறைதூதரின் உடம்பையே துக்கம் தொட்டிருக்கிறது என்றால், துக்கத்தால் உடம்பு கெட்ட ஒரு பெண்ணை ஈமான் குறைந்தவள் என்று சொல்ல எவருக்கு உரிமை? ஹிஜ்ரி 322இல், கிறிஸ்து ஆண்டு 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே எழுதினார். மனிதன் இரண்டாலும் ஆனவன், ஒன்று நோவுற்றால் மற்றது நோவுறும் என்பது அவர் வாதம். கோபம், பயம், கவலை, வஸ்வாஸ் ஆகியவற்றை அவர் நோய்களாகவே எடுத்து மருந்து சொன்னார். சுகமாக இருக்கும்போதே வீட்டில் மருந்து எடுத்து வைப்பது போல, நல்ல எண்ணங்களையும் முன்கூட்டியே மனதில் சேர்த்து வை என்பது அவருடைய ஆலோசனைகளில் ஒன்று.

எங்கள் கரைக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. முசலிப் பக்கத்து அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல்கட்டி எனப்பட்ட ஒருவர் மந்திரித்துச் சுறாவின் வாயைக் கட்டாவிட்டால் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆங்கில அரசே அவருக்குக் கூலி கொடுத்தது என்று எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். மந்திரம் மார்க்கத்துக்குச் சரியா என்பது வேறு பேச்சு. பயம் தணியாமல் உடம்பு வேலை செய்யாது என்பதை அந்த அரசும் விளங்கியிருந்தது என்பதே இங்கே முக்கியம்.

அந்த அரிப்பில்தான் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கடலோர மேட்டில் கட்டிய மாளிகையின் இடிபாடு நிற்கிறது. வருடா வருடம் கடல் அந்த மேட்டைக் கொஞ்சங் கொஞ்சமாக அரித்து எடுக்கிறது. ஊருக்கும் பெயர் அரிப்பு, கடல் செய்வதும் அரிப்பு, உம்மாவின் கையில் இருப்பதும் அரிப்பு. ஒரு சூறாவளி இடிப்பதும், தினமும் ஓர் அலை அரிப்பதும் ஒன்றல்ல. வெளியேற்றம் சூறாவளி. அதற்குப் பின் வந்த இருபது வருடம், "நீங்க அகதியா?" என்று கேட்கப்பட்ட ஒவ்வொரு நாளும், அரிப்பு.

இனிச் செய்யக்கூடியது

வைத்தியர் சொன்னதையும், உம்மாவோடு நாங்கள் செய்து கண்டதையும் எழுதுகிறேன். முதலில் நோயைச் சரியாக அறிய வேண்டும். ராவில் கடி கூடி, வீட்டில் பலருக்கும் வந்தால் சிரங்காக இருக்கலாம். வெளிறிய ஒரு இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியாவிட்டால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து. வெண்புள்ளி ஒட்டாத நோய். அதைக் காரணம் காட்டிக் கலியாணத்தைக் குழப்புவது நம் ஊர்களில் இன்னும் நடப்பது பெரிய பாவம். கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம். வைத்தியர் சொல்லாமல் அதை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும்.

அடுத்தது தோலுக்கு. உவர்த் தண்ணீரும் அடிக்கடி சவர்க்காரமும் தோலை வறட்டும். குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன், பசை பூச வேண்டும். உம்மா இப்போது ஒவ்வொரு வுழூவுக்குப் பிறகும் வைத்தியர் தந்த பசையை அந்த இடத்தில் தடவுகிறார். ஐவேளைத் தொழுகை ஐவேளை மருந்தாகிவிட்டது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறோம். கடி எழும்பும்போது சொறியாமல், உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, மெதுவாக மூச்சை இழுத்து விடுவார். சொறியும் பழக்கத்தை இன்னொரு பழக்கத்தால் மாற்றும் முறை இது. முதல் வாரம் கஷ்டம், பிறகு கை தானாகப் பழகியது. குளிர்ந்த ஈரத் துணியும் உதவும். ராவில் நேரத்துக்குப் படுப்பதும் மருந்துதான்.

கடைசியாக, எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது, பேச்சு. நெருக்கீடு மிஞ்சினால் உளநல வைத்தியரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டும். மாவட்ட வைத்தியசாலைகளில் அந்தப் பிரிவு உண்டு. அங்கே போனவரைப் பைத்தியம் என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

உம்மாவின் கடி முழுதாக நிற்கவில்லை. ஆனால் குறைந்தது எப்போது என்று எனக்குத் தெரியும். புத்தளத்திலேயே தங்கிவிட்ட அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஒரு நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்து நாலு நாள் எங்கள் வீட்டில் நின்றார். இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து ராவு ராவாகப் பேசினார்கள். அந்த வள்ளத்தைப் பற்றி உம்மா வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னை மடியில் வைத்து, அலைத்தண்ணீர் என்மேல் படாமல் இடது கையால் மூடிக்கொண்டே வந்தாராம். எனக்கு அது நினைவில்லை. அவருடைய கைக்கு நினைவிருக்கிறது.

ஐயூப் நபி (அலை) அவர்கள் நோயில் அல்லாஹ்வை அழைத்தபோது, காலால் நிலத்தைத் தட்டச் சொல்லிக் குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் அருளப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறது. அடுத்த வசனத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவருடைய குடும்பத்தாரையும், அவர்களோடு அவர்களைப் போன்றவர்களையும் அல்லாஹ் கொடுத்தான் என்று அது சொல்கிறது. நீரோடு ஆட்களும் வந்தார்கள். உம்மாவுக்கு ஊர்க் கிணறு திரும்பக் கிடைத்தது. ஆனால் கிணற்றடியில் நின்று கதைத்த பெண்கள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் சிதறிப் போனார்கள். மீள்குடியேற்றத்தை வீட்டுத் தொகையால் மட்டும் அளப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

1990இல் பெரியவர்களாக இருந்தவர்கள் இப்போது ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு சேர்க்கும் நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். காணி எவ்வளவு, நகை எவ்வளவு என்று கேட்ட பிறகு, இன்னொன்றையும் கேளுங்கள்: "அந்த வருசம் உங்கட உடம்புக்கு என்ன நடந்தது, உம்மா?" கேட்டுவிட்டு அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கள். தண்ணீரில்தான் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுத்தால் மற்றதும் வரும், இன்ஷா அல்லாஹ்.